தொப்பித் துரையும் என் சிங்களமும்

எனக்குச் சிங்களம் தெரியும் என்று நான் மனதார நம்பியிருந்த காலம் ஒன்று உண்டு. பொய் சொல்லித் திரிந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உண்மையாகவே நம்பினேன்.

வெள்ளவத்தையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த நம்பிக்கை வருவது மிகவும் சுலபம். அங்கே கத்தரிக்காய் வாங்கத் தமிழ் போதும். சட்டை தைக்கக் கொடுக்கத் தமிழ் போதும். காய்ச்சல் என்று டொக்டரிடம் போனாலும் அவர் தமிழிலேயே நாக்கை நீட்டச் சொல்லுவார். எனக்குச் சிங்களம் தேவைப்பட்ட இடங்கள் மூன்றே மூன்று. பஸ்ஸில் இறங்குவதற்கு "பஹினவா". புறக்கோட்டையில் விலை கேட்பதற்கு "கீயத?" சோதனைச் சாவடியில் சிப்பாய் மறித்தால் "வெடட்ட யனவா", அதாவது வேலைக்குப் போகிறேன். இந்த மூன்றையும் நல்ல உச்சரிப்போடு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அழகாகச் சொல்லுவேன். எந்தக் கண்டக்டரும் எந்தச் சிப்பாயும் என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. ஆகவே என் சிங்களத்தில் குறையொன்றும் இல்லை என்று முடிவு கட்டியிருந்தேன். (அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.)

யுத்த காலம். அப்பா யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோர் உத்தியோகத்தை முடித்துக்கொண்டு, நான் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோதே எங்களையும் கூட்டிவந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் வாடகைக்குக் குடியேறியிருந்தார். நான் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடினேன். நகரத்தின் தெருக்கள், மதகுகள், சிலைகள் முதலியவற்றைக் கவனிக்கும் ஒரு கந்தோரில் தமிழ்த் தட்டெழுத்தாளர் வேண்டும் என்றார்கள். அந்தக் கந்தோரின் பெயர் வேண்டாம். அங்கே என்னிடம் அன்பாக நடந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

நேர்முகப் பரீட்சையில் பிரிவுத் தலைவர் சில்வா மாத்தயா (சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா) ஆங்கிலத்தில் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியாகச் சாவதானமாகக் கேட்டார்.

"சிங்கள புளுவன்த?"

"புளுவன்" என்றேன். முடியும் என்று அர்த்தம். கேள்வியிலேயே விடையும் இருந்தது, நான் அதன் வாலை மட்டும் நறுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் திருப்தியோடு தலையாட்டினார். வேலை கிடைத்தது.

சில மாதங்கள் ஆபத்தில்லாமல் போயின. தமிழில் தட்டினேன், ஆங்கிலத்தில் கதைத்தேன், சிங்களத்தில் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் தொப்பித் துரையின் பிரச்சினை வந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து கொச்சிக்கடைப் பக்கம் போகிற வழியில் ஒரு சின்ன முச்சந்தி. அதன் நடுவில் உயரமான கருங்கல் பீடம். பீடத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரன், தலையில் பெரிய தொப்பி, ஒரு கையால் துறைமுகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனுடைய சொந்தப் பெயரை உப்புக்காற்று தின்றுவிட்டது. சனங்கள் வைத்த பெயர் தொப்பித் துரை. கல்லில் மிச்சமிருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டி வாசித்தால், துறைமுகத்தை நிர்வகித்த பெரிய மனிதர், இப்பகுதி ஏழைகளுக்குத் தண்ணீர் தந்த கருணையாளர் என்று வந்தது. காகங்களைத் தவிர வேறு யாரும் அவனைப் பல காலம் கவனிக்கவில்லை.

பிறகு திடீரென்று எல்லோரும் கவனித்தார்கள். வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் சிலை எதற்கு என்று ஒரு பகுதியினர் சுவரொட்டி ஒட்டினார்கள். பழைய சிலை, சரித்திரம், கை வைக்கக் கூடாது என்று இன்னொரு பகுதியினர் மனுக் கொடுத்தார்கள். இதற்கிடையில் ஒரு பிரமுகரின் ஆட்கள், துரையை இறக்கிவிட்டு அதே பீடத்தில் அந்தப் பிரமுகரின் காலஞ்சென்ற தகப்பனாரை ஏற்றலாம் என்று ஒரு படத்தோடு வந்தார்கள். ஒரு நாள் காலையில் துரையின் மூக்கு உடைந்து கிடந்தது. மறுநாள் அதற்காக இரண்டு பேருடைய மூக்கு உடைந்தது. மேலிடம் பயந்துபோய் ஒரு குழுவை நியமித்தது. குழு கொட்டாஞ்சேனைக்கே போய், பொதுமக்களை அழைத்து, அவரவர் மொழியில் அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்று உத்தரவு.

அவரவர் மொழியில்! அந்த வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது.

கந்தோரின் மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வாரம் பார்த்துக் கொப்பளிப்பான், அதாவது அம்மை, வந்துவிட்டது. சில்வா மாத்தயா என் மேசைக்கு வந்து நின்றார். "மிஸ், உங்களுக்குத்தான் சிங்களம் தெரியுமே. நாளைக்கு நீங்கள் குழுவோடு போகிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்த இடத்தில் ஒரு நல்ல பிள்ளை உண்மையைச் சொல்லியிருக்கும். நான் "புளுவன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பாவின் முகம் பூரித்தது. "பாத்தியே, எங்கட பிள்ளை ரெண்டு சாதியையும் கதைக்க வைக்கப் போறாள்" என்று அம்மாவிடம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "நானும் வாறன். பொதுக்கூட்டம் தானே, ஆரும் வரலாம்" என்றார்.

"நீங்கள் ஏனப்பா? அங்கை எல்லாம் சிங்களத்திலை கதைப்பினம்."

"எனக்குச் சிங்களம் தெரியாதே?" என்று கேட்டார் அப்பா. (எனக்கு அந்தத் தன்னம்பிக்கை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.)

அன்று மாலை நடைபாதைக் கடையில் வாங்கிய சிங்களம் கற்கும் சிறு புத்தகம் ஒன்றைத் திறந்து உட்கார்ந்தேன். முதல் பாடம், ஒரு மனிதனின் நாள். எழும்புவது, பல் துலக்குவது, குளிப்பது, சாப்பிடுவது, பஸ் ஏறுவது. நான் பஸ் ஏறுவதற்குள் மின்சாரம் நின்றுவிட்டது. சரி, பொதுமக்கள் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள், வேண்டும் அல்லது வேண்டாம், "ஓன" அல்லது "எபா", அது எனக்குத் தெரியுமே என்று நிம்மதியாகப் படுத்தேன்.

கூட்டம் ஒரு பாடசாலை மண்டபத்தில். நகரத்தில் எங்கேயோ குண்டு வெடித்து அதிக நாளாகவில்லை. வாசலில் ஒரு பொலிஸ்காரர் எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். பைகளைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. அப்பாவின் குடையைக்கூட விரித்துப் பார்த்தார்கள். உள்ளே போனவர்கள் தங்கள் தங்கள் ஆட்களோடு ஒட்டி உட்கார்ந்தார்கள். யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. மின்விசிறியின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

மேடையில் குழு. தலைவர் ஓய்வுபெற்ற பொறியியலாளர். மெலிந்த மனிதர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் எதையும் சரியாகச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் உள்ளவர். எனக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டுத் தந்து, "ஒவ்வொரு வசனமும் இரண்டு மொழியிலும் சொல்லப்பட வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். முன்வரிசையில் அப்பா, வெள்ளைச் சேட்டு, மடியில் குடை, முகத்தில் பெருமை.

முதலில் எழும்பியவர் பிரமுகரின் ஆள். படத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். எனக்கு நடுவில் "தாத்தா" என்ற சொல் மட்டும் பிடிபட்டது. அது தகப்பன் என்று நினைவு வந்தது. அவர் உட்கார்ந்ததும் தலைவர் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்து தமிழில் சொன்னேன். "இவர்கள் இந்தப் படத்தில் இருக்கும் தகப்பனாரின் சிலையை வைக்க விரும்புகிறார்கள்."

நடுவரிசையில் இருந்த ஹனிபா நானா, அந்த முச்சந்தியில் 'சிலையடி ஸ்டோர்ஸ்' என்று இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், மெல்லக் கேட்டார். "அவ்வளவுதானா மகள்? அவர் எவ்வளவு நேரமாப் பேசினார்?"

"சாராம்சம் அதுதான் நானா."

"ஆ, சாராம்சம்" என்றார் நானா மரியாதையாக. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எதற்கோ இருமினார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அடுத்து எழும்பியவர் செபஸ்தியான். முகத்துவாரத்துக்காரர். துறைமுகத்தில் பாரம் தூக்கியே வயது போன மனிதர். தோள் இன்னும் அலுமாரிபோல இருந்தது. அவர் எழும்பியதும் மண்டபம் இறுகியது. மூக்கு உடைந்த விஷயத்தில் அவர் பெயரும் அடிபட்டிருந்தது என்று பிறகுதான் அறிந்தேன்.

தலைவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். செபஸ்தியான் என்னை விரலால் சுட்டிக்காட்டி, "நான் தமிழ்லதான் பேசுவேன். இந்தப் புள்ள சொல்லட்டும்" என்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு மண்டபம் அதிரச் சொன்னார்.

"அந்த நாசமாப் போன சிலையக் கழட்டிக் கடல்ல போடுங்க! அவ்வளவுதான்!"

முன்னால் இருந்த மேசையில் ஒரு குத்து. வாசலில் நின்ற பொலிஸ்காரர் நிமிர்ந்தார். அந்த நாட்களில் ஒரு தமிழன் பொது இடத்தில் சத்தம் போட்டால் எதில் போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. நாசமாப் போனதை முதலில் விட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். மேசைக் குத்தை மொழிபெயர்க்கத் தேவையில்லை. மிச்சத்தை மென்மையாக, மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

சிலை, "பிலிமய". தெரியும். கடல், "முஹுத". தெரியும். வேண்டும், "ஓன". அதுவும் தெரியும். போடுவதற்குத்தான் சொல் வேண்டும். நாக்கு நுனியில் நின்றது. ஏதோ "...ான்ன" என்று முடியும். எனக்குள் ஒரு வெளிச்சம் வந்தது. முந்தின நாள்தானே படித்தேன்! நிமிர்ந்து நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, என் நல்ல உச்சரிப்பில் சொன்னேன்.

"பிலிமய முஹுதே நான்ன ஓன."

போடுவது "தான்ன". நான் சொன்னது "நான்ன". ஒரே ஒரு எழுத்து. நான் படித்த பாடத்தில் அந்த மனிதன் பல் துலக்கிய கையோடு செய்த காரியம் அது. கொட்டாஞ்சேனை மக்களின் சார்பில், குழுவின் முன்னிலையில், சிலை கடலில் குளிக்க வேண்டும் என்று நான் அறிவித்திருந்தேன்.

தலைவரின் புருவம் உயர்ந்தது. "நானவா? பிலிமய?" என்று கேட்டார். குளிப்பதா, சிலையா என்று.

அவர் உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "ஓவ். ஹொந்தட்ட நான்ன ஓன" என்றேன். ஆம், நன்றாகக் குளிக்க வேண்டும்.

முன்வரிசையில் அப்பா ஆமோதித்துத் தலையாட்டினார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏன் என்று சிங்களத்தில் கேட்டார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். தைரியம் கூடியது. செபஸ்தியானின் பக்கம் திரும்பி, "ஏனெண்டு கேக்கினம் ஐயா" என்றேன்.

செபஸ்தியான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருடைய மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன். "ஏன்னா, அவன் எங்க சனத்துக்குத் தண்ணி குடுக்கல்ல" என்றார்.

இது சின்ன வசனம். "எயா வதுர துன்னே நே" என்றால் அவன் தண்ணீர் கொடுக்கவில்லை என்று ஆகும். ஆனால் வெறும் "எயா" எனக்கு மொட்டையாகப் பட்டது. இவ்வளவு பெரிய சபையில் இன்னும் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று ஒரு "ட்ட" சேர்த்து, "எயாட்ட வதுர துன்னே நே" என்றேன். அவருக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை!

ஆக, குழுவின் முன்னால் இப்போது இருந்த சாட்சியம் இதுதான்: சிலைக்குக் குளிக்க வேண்டும். கடலில். நன்றாக. ஏனென்றால் இத்தனை காலமும் அதற்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

தலைவர் பொறியியலாளர் அல்லவா? பிரச்சினையைக் கண்டால் தீர்வை நினைக்கும் மூளை. மிகவும் யோசித்து, மிகவும் பரிவோடு என்னைக் கேட்டார். "எஹெனம், பைப் எகக் ஓனத?"

பைப் எனக்கு விளங்கியது. எந்த மொழியிலும் பைப் பைப்தான். சபையைப் பார்த்து உரத்துச் சொன்னேன். "அப்படியெண்டா, பைப் வேணுமோ எண்டு கேக்கினம்!"

பின்வரிசையில் மீன் விற்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவளால் அதற்கு மேல் முடியவில்லை. வாயில் முந்தானையை அடைத்தும் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவ்வளவுதான், மண்டபம் உடைந்தது. தமிழர் சிரித்தார்கள், சிங்களவர் சிரித்தார்கள், ஹனிபா நானா முன் கதிரையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பிரமுகரின் ஆள் படத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். அந்தக் காலஞ்சென்ற தகப்பனாரே சிரிப்பது போல இருந்தது. வாசல் பொலிஸ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவருடைய முதுகு ஆடியது.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர்கள் காலையில் ஒரு மொழியில் சண்டை பிடித்து மாலையில் இன்னொரு மொழியில் சமாதானமாகிறவர்கள். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் இரண்டு மொழியும் தண்ணீர்பட்டபாடு. அந்த மண்டபத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது தலைவருக்கும் எனக்கும் மட்டும்தான். (அப்பாவுக்கும்தான். ஆனால் அவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்.)

நிலம் வெடித்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். என் கைப்பையைத் தேடினேன். கண்ணில் நீர் முட்டியது.

"எங்க போற புள்ள?" என்றார் செபஸ்தியான். அவரும் தோளால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் இன்னும் பேசி முடிக்கல்ல."

"உங்களுக்குத்தான் சிங்களம் வடிவாத் தெரியுமே ஐயா! பிறகேன் என்னைப் போட்டு வாட்டுறியள்?"

"தெரியும். ஹாபர்ல இத்தன வருஷம் சிங்களத்திலதானே ஏச்சு வாங்கினேன். ஆனா கவர்மெண்டுக்காரங்க எனக்குன்னு ஒரு ஆள வச்சு, நீ உன் பாஷையில பேசுன்னு சொன்னது இன்னைக்குத்தான். அத சும்மா விடுவேனா?"

சிரிப்பு மெல்ல அடங்கியது. தலைவர் என்ன நடக்கிறதென்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் நடந்ததை எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன், குளிப்பு உட்பட. அவர் சிரிக்கவில்லை. "அவர் உண்மையில் சொல்ல வந்தது என்ன?" என்றார்.

செபஸ்தியானுக்கு ஆங்கிலம் ஓரளவு விளங்கியிருக்க வேண்டும். அவர் மேடைக்குக் கிட்ட வந்தார். "சரி, நான் சிங்களத்தில சொல்றேன். நீ அதத் தமிழ்ல சொல்லு. ரெண்டுலயும் எழுதணும்" என்றார். பிறகு சொன்னார். மெதுவாக, சின்னச் சின்ன வசனமாக, ஒவ்வொன்றுக்கும் பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போனார். மண்டபம் முழுவதும் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் என் ஒருத்தியின் அறியாமைக்குப் பொறுமையாக இருந்ததை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

அவர் சொன்னதை நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். அவருடைய பாட்டனார் துறைமுகத்தில் கூலி. ஒரு முறை கூலிகள் சம்பளம் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அவர்களைப் பணிய வைக்கத் துரை அவர்களுடைய குடியிருப்புக்குப் போகும் தண்ணீரை மூடச் சொன்னான். பெண்கள் ஆற்று முகத்துவாரத்திலிருந்து உவர்த்தண்ணீர் அள்ளி வந்தார்கள். அதைக் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. பாட்டனாரின் கைக்குழந்தை ஒன்று செத்துப்போனது. இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, பெயர் வைக்கவில்லை. கூலிகள் வேலைக்குத் திரும்பினார்கள், தண்ணீர் திரும்பி வந்தது. அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டதற்குத்தான் கருணையாளர் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறது.

கடைசி வசனத்தைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அதில் பிழை இருக்கவில்லை.

பிறகு பின்வரிசை மீன்காரப் பெண் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். ஹனிபா நானா எனக்காகத் தமிழில் தந்தார். "இப்பவும் அந்தச் சந்தியில தண்ணி இல்லதானே, மகள். அவ பக்கட்டோட ரெண்டு தெரு தாண்டிப் போறாவாம். பைப் நெசமாவே வேணுமாம்."

தலைவர் நிமிர்ந்தார். பைப் யாருக்கெல்லாம் வேண்டும் என்று கேட்டார். மண்டபத்தில் கைகள் உயர்ந்தன. சிலையை உடைக்கச் சொன்னவர்கள், காக்கச் சொன்னவர்கள் எல்லோரும். பொலிஸ்காரரும் சுவர்ப் பக்கம் நின்றபடியே கையைத் தூக்கியதை நான் கண்டேன். பிரமுகரின் ஆள் படத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, யோசித்துவிட்டு, அவரும் தூக்கினார்.

"சிலை?" என்றார் தலைவர்.

மறுபடியும் மண்டபம் இறுகப் பார்த்தது. ஹனிபா நானா எழும்பினார். "ஒடச்சா, அவன் செஞ்சதும் சேந்து காணாமப் போயிரும். என்ட கடைக்கும் பேர் இல்லாமப் போயிரும், அது வேற விஷயம். அவன் அந்த ஒசரத்தில நிக்கிறதுதான் புழ. கீழ எறக்கி வைங்க. பைப்புக்குப் பக்கத்தில, நம்மளப் போல லைன்ல நிக்கட்டும்."

எல்லோரும் செபஸ்தியானைப் பார்த்தார்கள். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் தலையைத் தூக்கினார்.

"லைன்ல கடைசி ஆளா நிக்கணும்" என்றார்.

அதை நான் சிங்களத்தில் சொல்ல முயலவில்லை. தேவைப்படவும் இல்லை. அந்தச் சிரிப்பில் தலைவருக்கே விளங்கிவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையில் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பிள்ளை, அந்த நான்ன எண்டா என்ன?"

"குளிக்கிறது அப்பா."

"ஓ" என்றார். சற்றுத் தூரம் நடந்தோம். "நான் அது ஏதோ சட்டச் சொல்லெண்டு நினைச்சிட்டன்." பிறகு அவருக்குத் தாங்கவில்லை. ஒழுங்கையின் நடுவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஊரைவிட்டு வந்த பிறகு அப்பா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அழுகிற எண்ணத்தோடு வந்த நானும் சேர்ந்து சிரித்தேன். எதிர்வீட்டு நாய் வெளியே வந்து எங்களைப் பார்த்துக் குரைத்தது.

மறுநாள் வேலை போய்விடும் என்று நிச்சயமாக நம்பிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். சில்வா மாத்தயா கூப்பிட்டார். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டார். அடுத்த கூட்டத்துக்கும் என்னையே அனுப்பும்படி தலைவர் கேட்டிருந்தாராம். சண்டை வரும் என்று பயந்துபோன கூட்டத்தில் சனம் சிரித்துக்கொண்டு வெளியே வந்ததை அவர் முன்பு பார்த்ததில்லையாம். "ஆனால் அதற்கு முன், மிஸ், நீங்கள் சிங்கள வகுப்பொன்றுக்குப் போக வேண்டும்" என்றார் சில்வா மாத்தயா. பிறகு முதல் தடவையாகத் தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, "முடி-யு-மா?" என்று கேட்டார்.

போனேன். அந்த வகுப்பு என்னைப் பிறகு எங்கெங்கோ கொண்டுபோய், கடைசியில் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தது. எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ பேருடைய சொற்களை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தூக்கி வைத்திருக்கிறேன். ஆனால் யாராவது எதையாவது எங்கேயாவது போட்டதாகச் சாட்சி சொன்னால் மட்டும் ஒரு கணம் மூச்சை நிறுத்திவிட்டுத்தான் "தான்ன" சொல்லுவேன்.

யுத்த காலம் என்பதால் குழுவின் முடிவு நிறைவேற நெடுநாள் எடுத்தது. இருந்தாலும் நிறைவேறியது. வீட்டில் என் மொழிபெயர்ப்பு ஒரு பழமொழிபோல ஆகிவிட்டது. தண்ணீர் வெட்டு நாட்களில் அப்பா குளியலறை வாசலில் நின்று, "எயாட்ட வதுர துன்னே நே" என்று துக்கமாக அறிவிப்பார். என் மகள் குளிக்கப் பஞ்சிப்பட்டால் இன்றும் யாராவது, சிலையே கடலுக்குப் போய்க் குளிக்குது, உனக்கென்ன என்பார்கள். கலியாணத்துக்கு முன் என் கணவர் வீட்டாருக்கு இந்தக் கதை தெரியக் கூடாது என்று நான் கெஞ்சியிருந்தேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, பலகாரத் தட்டு சுற்றி முடிவதற்குள் அப்பா சொல்லிவிட்டார்.

சில வருடங்களுக்கு முன் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த முச்சந்திக்குப் போனேன். தொப்பித் துரை மூக்கில்லாமல் தரையில் நிற்கிறான். அவனுக்கு முன்னால் குழாயடியில் நாலைந்து பேர் வாளிகளோடு நின்றார்கள். துறைமுகத்தைக் காட்டிய அந்தக் கை, இப்போது முன்னால் நிற்கிறவரைக் கொஞ்சம் நகரச் சொல்வது போல இருக்கிறது. பழைய கல்லுக்குப் பக்கத்தில் மூன்று மொழியில் புதிய கல். அவன் தண்ணீரை மூடியதும், பெயர் வைக்காத குழந்தையும், எல்லாம் அதில் இருக்கிறது.

வரிசையில் நின்ற ஓர் இளம் பெண் நாங்கள் வாசிப்பதைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தாள். "அந்தக் கல்லில் முழுக் கதையும் இல்லை அக்கா. முந்தி இந்தச் சிலை உயரத்தில் நின்றது. ஒரு நாள் குளிக்க வேண்டும் என்று கேட்டதாம். அதனால்தான் எங்களுக்குப் பைப் கிடைத்தது" என்றாள். சித்திரைப் புதுவருடத்துக்கு முச்சந்தி ஆட்கள் எல்லோரும் சேர்ந்து அவனுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றுவார்களாம்.

"யாரிடம் கேட்டதாம்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"யாரோ ஒரு தமிழ் மிஸ்ஸிடம்" என்றாள் அவள். "அந்த மிஸ்ஸுக்கு மட்டும்தான் சிலை பேசியது கேட்டதாம்."

மகள் என் கையைக் கிள்ளினாள். அந்தப் பெண்ணின் வாளி நிரம்பியதும், இன்றைக்கு வெயில் கடுமை, நீங்களும் ஊற்றுங்கள் என்று ஒரு சின்னக் கோப்பையை நிரப்பி நீட்டினாள். துரை இப்போது என் உயரம்தான். எட்டி அவன் தொப்பியின் மேல் ஊற்றினேன்.